உம்மாவின் குரவையும் என் ராகப் பட்டியலும்

ஒரு விஷயத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கேடு வருவதில்லை. அவன் பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அதே விஷயத்தைச் சரியாக இரண்டு கிழமை படித்தவன் இருக்கிறானே, அவனைத்தான் கலியாண வீட்டுக் கேற்றுக்குள் விடக் கூடாது. இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அந்த இரண்டு கிழமைக்காரன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்முனையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். பக்கத்து மேசையில் குகன். நாவிதன்வெளியில் வேளாண்மை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பிடி நெல்லைக் கையில் கொடுத்தால் இனத்தைச் சொல்லிவிடுவான். பாட்டைப் பொறுத்தவரை, பஸ் ஹோர்னுக்கும் நாதஸ்வரத்துக்கும் வித்தியாசம் பார்க்காத சமத்துவவாதி.

இப்படிப்பட்டவன் போய்க் காதலித்தது காரைதீவில் ஒரு சங்கீத ஆசிரியரின் மகளை. தர்ஷினியின் அப்பா சிவஞானம் சேர் ஓய்வு பெற்றவர் என்றாலும் அவருடைய காது ஓய்வு பெறவில்லை. அடுப்பில் குக்கர் விசிலடித்தால் கூட "சுருதி கொஞ்சம் ஏறிட்டு" என்பாராம். இரண்டு வருடமாக இந்தச் சம்பந்தத்துக்குத் தலையசைக்காமல் இருந்த மனுசன் ஒருநாள் சம்மதித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

குகன் அன்றைக்குக் கந்தோருக்கு வந்து, கொண்டுவந்த இடியப்பப் பார்சலைக் கூடப் பிரிக்காமல் என் முன்னால் இருந்தான்.

"மச்சான், கலியாணத்துல மேளகாரர் என்னென்ன வாசிக்கிறதெண்டு மாப்பிள்ளை வீட்டார்தான் தெரிவு செய்யணுமாம். சினிமாப் பாட்டு ஒண்டும் வரப்படாதாம். எல்லாம் நல்ல சங்கீதமா, ஒவ்வொரு சடங்குக்கும் அர்த்தத்தோட பொருந்தி வரணுமாம். 'நீங்க தெரிவு செய்யிறதப் பாத்துத்தான் என்ட மகள் எப்பிடியான ஆக்கள்ற கையில போறாளெண்டு எனக்கு விளங்கும்' எண்டிட்டாரு மாமா. எங்கட வீட்டுல ஆருக்குடா இதெல்லாம் தெரியும்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பக்கத்தில் இடியப்பம் வேறு இருந்தது. ஆனால் என் வாய் எப்போதும் என்னைக் கேட்டு நடந்ததில்லை.

"இதென்னடா பெரிய விஷயம்? நான் பாத்துக்கிறன்."

"உனக்குச் சங்கீதம் தெரியுமா?"

"தெரியுமாவா!" என்று சிரித்தேன். (கவனியுங்கள், தெரியும் என்று நான் சொல்லவே இல்லை.)

என் சங்கீதத் தகுதி இதுதான்: பாடசாலையில் மீலாத் விழாவுக்குக் கூட்டமாகப் பாடவிட்டபோது, "நிஸாம், நீ வாயை மட்டும் அசைச்சாக் காணும்" என்று டீச்சர் சொன்னார். அதை நான் மிகச் சிறப்பாகச் செய்தேன். பரிசு கூடக் கிடைத்தது.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு கிழமையும் நான் வெறிபிடித்துப் படித்தேன். காதில் வயரைச் செருகிக்கொண்டு கைபேசியில் ராகம் ராகமாகக் கேட்டேன். கல்யாணி ராகத்தை ஒருவர் நாதஸ்வரத்தில் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போனபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருடமும் இது எங்கள் ஊரான கல்முனைக்குடியில் எனக்குக் கேட்கும் தூரத்தில்தானே இருந்தது, ஏன் கேட்கவில்லை என்று உண்மையாகவே ஏங்கினேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல ரசிகனாகியிருப்பேன். அறிவு படியேறும்போது தலைக்கனம் லிஃப்டில் போய்விட்டது.

ஒருநாள் குசினி வாசலில் நின்று கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உம்மா அகப்பையோடு வந்து நின்றா.

"என்ன மகன், ஒரு மாதிரி இரிக்காய்? காய்ச்சலா?"

"இல்ல உம்மா. நீலாம்பரி."

அகப்பை அந்தரத்தில் நின்றது. "ஆருடா அவள்? எந்த ஊருப் புள்ள?"

அது ராகம், கேட்டால் நித்திரை வரும், தொட்டிலில் பிள்ளைகளுக்குப் பாடுவார்கள் என்று விளக்கப்படுத்தினேன். உம்மா நம்பவில்லை. தொட்டில் வரைக்கும் போய்விட்டதா என்பதுபோல் பார்த்தா.

இரண்டாம் கிழமை முடிவில் பட்டியல் தயாரானது. சடங்கு, ராகம், அர்த்தம் என்று மூன்று நிரல்கள். தட்டச்சுச் செய்து, லெமினேட்டும் பண்ணிவிட்டேன். (லெமினேட் பண்ணிய எதையும் மனிதர்கள் எதிர்த்துக் கேட்பதில்லை என்பது கந்தோர் எனக்குக் கற்பித்த பாடம்.) அதைத் தூக்கிக்கொண்டு, நாதஸ்வரம் வாசிக்கப் பேசியிருந்த ராசு அண்ணனிடம் போனேன். அவர் முப்பது வருடமாகக் கலியாணங்களுக்கு வாசிப்பவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழாக வாசித்தார்.

"தம்பி, மாப்பிள்ளை வரக்குள்ள நீலாம்பரி எண்டு போட்டிருக்கு. அது பிள்ளைய நித்திரையாக்கிற ராகமெல்லா?"

"மாப்பிள்ளைக்குப் பதட்டம் அண்ணன். மனச அமைதிப்படுத்தணும். அர்த்தத்தப் பாருங்க, பக்கத்து நிரல்ல இருக்கு."

"சரி. மாப்பிள்ளையக் கூட்டிவர நாங்க வாசலுக்குப் போறதானே?"

"வேணாம் அண்ணன். நடந்து நடந்து வாசிச்சா ராகம் சிந்திரும். நீங்க கச்சேரி மாதிரி ஒரு இடத்தில இருந்தே வாசிங்க."

அந்த இடம், மணவறைக்குப் பக்கத்தில் சோடனைக்காரர் கட்டவிருந்த பெரிய பூச்சுவருக்குப் பின்னால். அங்கிருந்தால் மணவறையும் தெரியாது, வாசலும் தெரியாது. ராசு அண்ணன் பாவம், நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப தாலி கட்டக்குள்ள கெட்டிமேளத்துக்கு ஆர் சைகை காட்டுற?"

அதுவரை நான் யோசிக்காத விஷயம். யோசிக்காத விஷயங்களுக்குத்தான் என்னிடம் உடனே பதில் இருக்கும். தாலி கட்டும் நேரம் மேளம் முழுக்க நிற்க வேண்டும், மண்டபத்தில் மௌனம், அந்த மௌனத்தில் பெண்ணின் அம்மா குரவையிட வேண்டும், குரவை கேட்டதும் கெட்டிமேளம். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. நாக்கைச் சுழற்றிப் பெண்கள் இடும் அந்தக் குரவைதானே நம் கரைக்கெல்லாம் பொதுவான சங்கீதம்? கோயிலடியிலும் கேட்கும், எங்கள் கலியாண வீடுகளிலும் கேட்கும். உடனே பட்டியலின் கீழே பேனையால் எழுதினேன்: "குரவை கேட்டதும் உடனே கெட்டிமேளம். கேள்வி கேட்கக் கூடாது."

சிவஞானம் சேரிடம் பட்டியலைக் காட்டக் குகனும் நானும் போனோம். சேரின் விரல் நீலாம்பரியில் கொஞ்ச நேரம் தரித்து நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"மௌனம். மறுகா குரவை. இது ஆர்ற யோசனை?"

"நிஸாம்ட யோசனை மாமா," என்றான் குகன், பிழையென்றால் தன் தலை தப்பட்டும் என்ற நல்லெண்ணத்தில்.

"நல்லாருக்கு," என்றார் சேர். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகக் குகன் வீதிக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். இரண்டு வருடத்தில் அவர் அவனைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல சொல் அது.

திட்டத்தில் ஓர் ஆபத்து இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்ததும் குரவையிடுவது வழக்கம். தப்பித் தவறி யாராவது முந்திக் குரவையிட்டால் மேளம் முந்திவிடும். ஆகவே தர்ஷினியின் சித்தியைக் கூட்டிக்கொண்டு காரைதீவில் பெண் வீட்டுச் சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரிடமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: தாலி கட்டும் வரைக்கும் யாரும் குரவை போடக் கூடாது. ஒரு மாமி, "மாப்பிள்ளை வரக்குள்ள சும்மா நிண்டா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டா. அவவுக்கும் பட்டியலைக் காட்டி வாயை அடைத்தேன். காரைதீவு முழுக்கச் சொன்னேன். நாவிதன்வெளிக்கும் ஆள் அனுப்பிச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். அந்த ஆளை நான்தான் கட்டாயம் வர வேண்டுமென்று புதுச்சாரி உடுக்கவைத்து, ஓட்டோவில் ஏற்றி, முன் வரிசையில் கொண்டுபோய் இருத்தினேன்.

கலியாணத்தன்று காலை எல்லாம் அற்புதமாகத் தொடங்கியது. ஹம்சத்வனி மண்டபம் முழுக்கப் பாய்ந்தது. நான் பூச்சுவருக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தேன். தெரியாத ஆட்களிடமெல்லாம் போய், "இப்ப வாசிக்கிறது என்ன ராகம் தெரியுமா?" என்றேன். ஒருவர், "வாஷ்ரூம் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் கார் வீதிக்கு வந்துவிட்டது என்று தகவல் வந்ததும் ராசு அண்ணனுக்குச் சொன்னேன். நீலாம்பரி தொடங்கியது. ஆனால் கார் சந்தியில் ஒரு நெல் லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கால்மணித்தியாலம் நீலாம்பரி. ராசு அண்ணன் லேசான ஆள் இல்லை, உயிரை உருக்கினார். மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவரின் தலை மெல்லச் சாய்ந்தது. பிறகு அவர் மனைவியின் தலை. வீடியோக்காரர் கொட்டாவி விட்டார். ஐயர் கூட மணவறையில் இருந்து கண்ணை அகல அகலத் திறந்து பார்த்தார். நான் பெருமையோடு முன் வரிசையைப் பார்த்தேன். உம்மா வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. ராகம் வேலை செய்கிறது!

குகன் வந்து இறங்கினான். மண்டபத்து வாசலில் தாம்பாளத்தில் வலது காலை வைத்தான். தர்ஷினியின் தம்பி செம்பால் தண்ணீரை ஊற்றிக் கால் கழுவத் தொடங்கினான். பெண்கள் எல்லாரும் என் கட்டளைப்படி வாயை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். நீலாம்பரி மட்டும் இழைந்தது.

அந்த நேரத்தில் உம்மா கண் விழித்தா.

விழித்தவ கண்டது, பட்டு வேட்டியில் மாப்பிள்ளை வாசலில் நிற்கிறான். சுற்றி இத்தனை பெண்கள் நின்றும் ஒருத்தியும் குரவையிடவில்லை. கல்முனைக்குடியில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தும் குரவை கேட்காத கலியாணம் உம்மாவின் அறுபது வயதுக்குள் நடந்ததில்லை. ஆக்கள் மறந்துபோய் நிற்கிறார்கள், மகனின் கூட்டாளிக்கு மரியாதை போகிறது என்று நினைத்திருப்பா. முந்தானையைச் சரிசெய்து, ஒரு மூச்சை இழுத்து, இட்டா பாருங்கள் ஒரு குரவை! நித்திரையில் கிடந்தவர்கள் எல்லாம் துள்ளி எழும்பினார்கள்.

பூச்சுவருக்குப் பின்னால் ராசு அண்ணன் கேள்வி கேட்கவில்லை.

கெட்டிமேளம் என்றால் சாதாரணக் கெட்டிமேளம் இல்லை. கால்மணித்தியாலம் தாலாட்டில் அடக்கி வைத்திருந்த தவில்காரர் இரண்டு பேரும் ஆசை தீர அடித்தார்கள். கெட்டிமேளம் கேட்டால் சபை என்ன செய்யும்? எழும்பும். எழும்பிற்று. பூவையும் அறுகரிசியையும் எறியும். எறிந்தது. எந்தப் பக்கம் எறிவதென்று தெரியாமல், மாப்பிள்ளை நின்ற வாசல் பக்கமாகவே எறிந்தது. பின்வரிசைக்காரர்கள் எல்லாம் முடிந்துவிட்டதென்று பந்திக்கு நடக்கத் தொடங்கினார்கள். குகன் ஒற்றைக் காலைத் தாம்பாளத்தில் வைத்தபடி, தலையெல்லாம் அரிசியும் பூவுமாக நின்றான்.

"முடிஞ்சிட்டா?" என்று மச்சினனிடம் கேட்டான்.

அலங்கார அறைக் கதவு படாரென்று திறந்தது. பாதிப் பின்னலோடு, ஒரு காதில் மட்டும் தோட்டோடு, தர்ஷினி வந்து நின்றாள்.

"என்னை இஞ்ச உட்டுட்டு ஆருக்குத் தாலி கட்டினீங்க?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் குகனின் பெரியம்மா சிரிக்கவில்லை. "தாலியில்லாம கெட்டிமேளம் கேட்டா நல்லதுக்கில்ல," என்றா உரத்த குரலில். "சகுனம் பிழைச்சிட்டு. வேற நாள் பாருங்க." குகனின் அம்மா அழத் தொடங்கிவிட்டா. ஒருவரையொருவர் பார்த்துக் குசுகுசுத்தார்கள். குகன் என்னைத் தேடிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துபோய்ப் பார்த்தான். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த நாள், என் லெமினேட் பட்டியலால் கைநழுவப் போகிறது.

உம்மா என் கையைப் பிடித்தா. "மகன், நான் என்னமும் பிழ செஞ்சிட்டனா?"

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. நேரே சிவஞானம் சேரிடம் போனேன். "சேர், உம்மாவில பிழையில்ல. ஊரெல்லாம் சொன்னன், அவக்கு மட்டும் சொல்ல மறந்திட்டன். நான்தான் சேர் எல்லாத்துக்கும்..."

சேர் என்னை விலக்கிக்கொண்டு உம்மாவிடம் போனார்.

"உம்மா, நீங்களா குரவை போட்ட?"

"ஓம் மாஸ்டர். மாப்புள வாசலுக்கு வந்து நிக்கக்குள்ள வாயப் பொத்திக்கிட்டு இரிக்கவா சொல்றீங்க? எங்கட ஊட்டுல அப்பிடி வழக்கமில்ல."

"எங்கட வீட்டுலயும் இல்ல," என்றார் சேர். பிறகு பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "குரவை இல்லாம மாப்பிள்ளை உள்ளுக்கு வந்திருந்தாத்தான் குறை. எங்கட பொம்புளையள்ற வாயக் கட்டிப்போட்டது இந்தத் தம்பி. காப்பாத்தினது அவர்ற உம்மா. மேளம் என்ன, ஒருக்காத் தட்டிப் பாத்திருக்காங்க. தாலி கட்டக்குள்ள இன்னொருக்கா அடிப்பாங்க. நாளெல்லாம் மாத்தத் தேவையில்ல." மறுபடி உம்மாவைப் பார்த்து, "அதோட, அந்தக் குரவை நாதஸ்வரத்தின்ட சுருதியில போய் அப்பிடியே இருந்திச்சி. அரைக்கால் பிசகல்ல," என்றார்.

பெண் வீட்டு மாமிமார் அந்த நொடியே அடக்கி வைத்திருந்த குரவையையெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். பெரியம்மாவும் சேர்ந்துகொண்டா. (நல்லவேளை, அதற்குள் பூச்சுவருக்குப் பின்னால் பாய்ந்து ராசு அண்ணனின் கையைப் பிடித்துவிட்டேன்.)

"என்ன தம்பி, கேள்வி கேக்கப்படாதெண்டு எழுதியிருந்தீங்க. நான் கேக்கல்ல," என்றார் அவர்.

"இனிக் குரவைய நம்பாதீங்க அண்ணன். நான் வந்து தோள்ல தட்டினாத்தான் கெட்டிமேளம். அதுவரைக்கும் வானம் இடிஞ்சாலும் அடிக்கப்படாது."

வெளியே வரும்போது சேர் வழியில் நின்றார். "தம்பி, நீலாம்பரி போட்டதும் நீங்கதானே?"

"ஓம் சேர்."

"ம்," என்றார். எத்தனையோ ராகங்களை அறிந்துகொண்ட எனக்கு அந்த "ம்" என்ன ராகமென்று இன்றுவரை பிடிபடவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துத் தர்ஷினி கூறைச் சேலையோடு வந்து குகனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அரைவாசிச் சபை பந்தியில். நான் உம்மாவுக்குப் பக்கத்தில் அறுகரிசியும் கையுமாக நின்றேன். மேளம் நின்றது. குகன் தாலிக்கொடியை எடுத்தான். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். பந்தியில் வாளிச் சத்தம்தான் கேட்டது. பூச்சுவர் பூச்சுவராகவே இருந்தது. மடையர்கள் ஏன் அடிக்கிறார்கள் இல்லை என்று எனக்குக் கோபம் கூட வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் தோளில் தட்ட வேண்டும்!

ஓடக் காலைத் தூக்கினேன். அதற்குள் குகன் முடிச்சைப் போட்டுவிட்டான். அந்தப் பெரிய மௌனத்தில் தர்ஷினியின் அம்மா திரும்பி உம்மாவைப் பார்த்தா. உம்மா என்னைப் பார்த்தா, இப்போதாவது போடலாமா என்று. நான் தலையசைத்தேன். இரண்டு தாய்மாரும் சேர்ந்து குரவையிட்டார்கள். பிறகு மண்டபத்தில் நின்ற அத்தனை பெண்களும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை. நான் பூச்சுவருக்குப் பின்னால் போய்த் தோளில் தட்டிக் கெட்டிமேளம் முழங்கியபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரே கலியாணத்தில் தாலியில்லாத கெட்டிமேளமும் கெட்டிமேளமில்லாத தாலியும் நடத்திக் காட்டிய பெருமை எனக்கே சேரும். சிவஞானம் சேர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் முதுகில் தட்டினார்.

"மௌனம். மறுகா குரவை. கடைசியில உங்கட பட்டியல்ல இருந்தபடியேதான் நடந்திச்சி தம்பி."

இதெல்லாம் நடந்து வருடங்கள் போய்விட்டன. குகன் வீட்டில் சண்டை வந்தால் இன்றைக்கும், "உன்ன விட நாப்பது நிமிசம் முந்திக் கலியாணம் முடிச்சவன் நான், எனக்கு அனுபவம் கூட," என்கிறானாம். அதற்குத் தர்ஷினி, "அந்த நாப்பது நிமிசமும் நிஸாம் அண்ணனோட குடும்பம் நடத்தினீங்களாக்கும்," என்கிறாளாம். அவர்களுடைய பிள்ளைகள் என்னைக் கண்டால் கையால் மேசையில் கெட்டிமேளம் அடிக்கிறார்கள்.

போன மாதம் காரைதீவிலிருந்து ஒரு கலியாணக் கார்ட் வந்தது. சேரின் இளைய மகளுக்குக் கலியாணம். உறையில் என் பெயர் இல்லை. உம்மாவின் பெயர்தான் இருந்தது. கீழே சேரின் உருண்டையான வாத்தியார் எழுத்தில் ஒரு வரி: "உம்மா குரவைக்கு. மகன் சாப்பாட்டுக்கு. பட்டியல் வேண்டாம்."

பட்ட பாடு மறக்குமா? இந்த முறை முதல் வேலையாக உம்மாவிடம் போய் இருந்து, தாலி கட்டும் நேரத்தை மூன்று தரம் சொன்னேன். உம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தா.

"நேரம் என்னத்துக்கு மகன்? மாப்புள வாசலுக்கு வந்தா எனக்குத் தெரியாதா?"